கியர் லீவர் ஆட்டம்: மலையில் ஓடும் பிக்கப்புக்கு எந்த புஷ்?

வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கியர் லீவரின் தலையை இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாகத் தள்ளிப் பாருங்கள். எந்த வண்டியிலும் கொஞ்சம் போகும். பிறகு ஸ்பிரிங் பிடித்து நடுவுக்கு இழுக்கும். அந்த இழுவை கைக்குத் தெரிவதற்கு முன்னால் லீவர் சும்மா போய்வருகிற தூரம்தான் கணக்கு. அது இரண்டு விரற்கடை ஆகிவிட்டது, மூன்றாவதைத் தேடினால் ஐந்தாவது விழுகிறது, ஐடிலிங்கில் லீவர் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடுகிறது என்றால், அடியில் லீவர் உராயும் இடத்தில் இருக்கும் சின்ன உறையான புஷ்ஷின் கதை முடிந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சமவெளியில் ஓடும் வண்டி என்றால் இதை ஒரு வருஷம்கூட ஓட்டித் தள்ளலாம். நீலகிரியில் அப்படி முடியாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது லீவர் வழி தவறி நியூட்ரலில் நின்றுவிட்டால், ஒன்றரை டன் கேரட்டும் வண்டியின் சொந்த எடையும் மொத்தமாக பிரேக்கின் தலையில் விழும். ஏற்கெனவே சூடேறிய பிரேக்காக இருக்கும்.

புஷ்ஷில் தேய்வு ஒரு மில்லிமீட்டர்தான் என்றாலும் கைக்கு அது பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் லீவரின் நீளம். லீவரை நடுவில் தாங்கும் குண்டுக்கு மேலே 300 மி.மீ., கீழே 50 மி.மீ. என்றால், கீழ்முனையில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே தலையில் ஆறு மில்லிமீட்டர் ஆட்டம். குண்டு உட்காரும் கிண்ணமும் தேய்ந்திருந்தால் அதுவும் சேரும்.

மாற்றத்தான் வேண்டும். எதைப் போட்டு மாற்றுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. கம்பெனி நைலான் என்பார் ஒருவர். பித்தளை கடைந்து போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பார் இன்னொருவர். "கியர் பாக்ஸை இறக்கிரலாம்ணே" என்பார் மூன்றாமவர். ஒவ்வொன்றிலும் வண்டியின் ஏதோ ஒரு பாகம் தேயத்தான் போகிறது. எந்தப் பாகம் தேய்ந்தால் உங்களுக்குக் குறைந்த செலவு என்று பார்த்தால் முடிவு தானாக வரும்.

புஷ்தானா என்று முதலில் பாருங்கள்

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் காலையில் முதல் கியர் கல் மாதிரி இருக்கும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் இளகிவிட்டால் அது கெட்டியான கியர் ஆயிலின் வேலை. புஷ் தேய்வு சூட்டில் சரியாகாது. காலையில் எவ்வளவு ஆட்டமோ மாலையிலும் அவ்வளவுதான்.

வண்டி நிற்கும்போது ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறதா? கிளச் முழுசாக விடவில்லை. ஓடும்போது ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் அரைத்தால் அந்தக் கியரின் சின்க்ரோ, அதாவது கியர் அரைக்காமல் விழ வேகத்தைச் சமமாக்கும் ரிங். கியர் விழுந்துவிட்டு, லோடு இழுக்கும்போதோ ஆக்ஸிலரேட்டரை விடும்போதோ தானாகக் கழன்றால், உள்ளே லாக் செய்யும் ஸ்பிரிங், பால், ஷிஃப்ட் ஃபோர்க், அல்லது என்ஜின் மவுண்டிங் என்று போகும். மவுண்டிங் போயிருந்தால் ஒரு அடையாளம் உண்டு: ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போது லீவரே முன்னும் பின்னும் குதிக்கும்.

இன்னொரு ஏமாற்று. சில வண்டிகளில் லீவர் ஒரே கம்பி இல்லை. அதிர்வு கைக்கு வராமலிருக்க நடுவில் ரப்பர் வைத்து இரண்டு துண்டாகச் செய்திருப்பார்கள். அந்த ரப்பர் பிய்ந்தாலும் தலை ஆடும். லீவரின் அடியை மூடியிருக்கும் வெளி ரப்பர் உறையை (இதுதான் பூட்) தூக்கிவிட்டு, லீவரின் அடிப்பாகத்தை ஒரு கையாலும் தலையை மறு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். அடி அசையாமல் தலை மட்டும் ஆடினால் புஷ் வாங்கிப் பிரயோஜனமில்லை.

மேலே உட்காரும் லீவரா, கேபிளா?

பிக்கப்புகளில் இரண்டு வகை ஓடுகிறது. பழைய வகையில் லீவர் நேராக கியர் பாக்ஸின் தலையில் உட்காரும். லீவரின் நடுவே ஒரு குண்டு, அது உட்கார ஒரு கிண்ணம், கீழ்முனைக்கு ஒரு சின்னத் தொப்பி. கிண்ணத்துக்கும் தொப்பிக்கும் பிளாஸ்டிக், அவைதான் புஷ். இந்த வகைக்கு கேபினுக்குள் உட்கார்ந்தே வேலையை முடிக்கலாம்.

கேபிள் வகையில் லீவரிலிருந்து இரண்டு கேபிள்கள் கிளம்பி கியர் பாக்ஸின் பக்கவாட்டுக்குப் போகும். ஒன்று வரிசையைத் தேர்ந்தெடுக்கும், மற்றொன்று கியரைத் தள்ளும். ஒவ்வொரு கேபிள் முனையிலும் ஒரு கண், கண்ணுக்குள் புஷ், புஷ்ஷுக்குள் ஒரு குண்டுத்தலை பின். மேல்முனைகள் கேபினுக்குள் பத்திரமாக இருக்கும். கீழ்முனைகள் சேற்றிலும் மழையிலும் தொங்கும். முதலில் போவது அவைதான். பழைய வகையில் தேய்வு படிப்படியாகத் தெரியும். இதில் கண் ஒரு நாள் பின்னைவிட்டுக் கழன்றே விழுந்துவிடும். அப்போது எந்தக் கியரில் இருந்தீர்களோ அதிலேயே வண்டி மாட்டிக்கொள்ளும், அல்லது எதுவுமே விழாது.

பூட்டைத் தூக்கிப் பார்த்தால் எது என்று அரை நிமிடத்தில் தெரியும். பார்க்காமல் ஸ்பேர்ஸ் கடைக்குப் போகாதீர்கள். ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே வருஷத்துக்கு வருஷம் கியர் பாக்ஸ் மாறியிருக்கும். ஆர்.சி. புக்கில் உள்ள சேசிஸ் நம்பரைக் காட்டிக் கேட்பதுதான் சரி.

கம்பெனி நைலான்

பெரும்பாலான வண்டிகளில் கம்பெனி போட்டு அனுப்புவது நைலான் அல்லது அதன் சொந்தக்காரப் பிளாஸ்டிக். சிக்கனத்துக்காக மட்டும் அப்படிச் செய்ததாக நினைக்க வேண்டாம். இந்த இடத்தில் பிளாஸ்டிக்குக்கு மூன்று வேலை: அதிர்வை விழுங்குவது, கிரீஸ் காய்ந்தாலும் வழுக்கிக்கொடுப்பது, லீவர் குண்டுக்குப் பதிலாகத் தான் தேய்வது. மூன்றாவதுதான் முக்கியம். புஷ் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற சாமான். லீவர் அதைப்போல் பல மடங்கு. லீவர் கீழ்முனை நுழையும் ஷிஃப்ட் ராடின் (பாக்ஸுக்குள் கியரைத் தள்ளும் கம்பி) கண் தேய்ந்தால் கியர் பாக்ஸையே பிரிக்க வேண்டும்.

அளவு சரியாக இருக்கும் என்பது இதன் பெரிய லாபம். குறை என்று பார்த்தால், எல்லா கம்பெனிகளும் புஷ்ஷைத் தனியாக விற்பதில்லை. லீவர் அசெம்பிளியாகவோ கேபிள் செட்டாகவோதான் தருவோம் என்பார்கள். ஊட்டி, கோத்தகிரியில் கையில் இல்லையென்றால் கோவையிலிருந்து வர வேண்டும். பஸ்ஸில் பார்சல் போட்டால் அன்றைக்கே வந்துவிடும்; மழைக்காலத்தில் மண்சரிவில் பாதை அடைபட்டால் வராது. லோடு ஓட்டுகிறவர்கள் ஒரு புஷ்ஷை முன்கூட்டியே வாங்கி டேஷ்போர்டில் போட்டுவைப்பது அதனால்தான் நல்லது. கெட்டுப்போகிற பொருள் இல்லை.

மார்க்கெட் புஷ்

பெயர் இல்லாத பாக்கெட்டில் வரும் வெள்ளை, கறுப்பு புஷ்கள். பாதி விலைக்குக் கிடைக்கும். இதில் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. பார்த்தால் தெரியாது என்பதுதான் தொல்லை. விரல்நகத்தை விளிம்பில் அழுத்திப் பாருங்கள். தடம் பள்ளமாக விழுந்தால் அது மெழுகு மாதிரியான மென்பிளாஸ்டிக், சீக்கிரம் பிதுங்கிவிடும். வார்ப்பு விளிம்பில் பிசிறு இருந்தால் பிளேடால் சீவி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிசிறு உதிர்ந்து ஆயிலில்தான் போய்ச் சேரும். வெர்னியர் என்ற அளவுக்கருவி இருந்தால் உள்விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இடத்தில் அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

அவசரத்துக்கு இது பரவாயில்லை. கடைக்காரர் அதே வண்டிக்கு அதே சாமானை விற்றுப் பழகியவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டும் வாங்கலாம்.

லேத்தில் கடைந்தது: பித்தளையா, டெல்ரினா?

கோவை பக்கத்திலிருப்பதில் நமக்கு இதுதான் வசதி. எந்த அளவிலும், எந்தப் பொருளிலும் ஒரு புஷ் கடைந்துதர ஆள் உண்டு. ஆனால் பட்டறையில் போய் "ஒரு புஷ் போட்டுக் குடுங்க" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் பித்தளையோ கன்மெட்டலோ (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) தான் வரும். என்ன பொருள் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்.

பித்தளையின் கவர்ச்சி உடனே கைக்குத் தெரியும். ஆட்டம் சுத்தமாகப் போய்விடும், கியர் துப்பாக்கி விசை மாதிரி டக் டக்கென்று விழும். மூன்று மாதம் கழித்துத்தான் மற்றது தெரிய ஆரம்பிக்கும். முதலாவது, நாலு சிலிண்டர் டீசல் என்ஜினின் அதிர்வு முழுக்க லீவர் வழியாகக் கைக்கு ஏறும், குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் லீவர் ரீங்காரம் போடும். இரண்டாவது, பூட் கிழிந்து மணல் புகுந்தால் நைலான் அந்த மணலைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். பித்தளையில் அது அரைக்கும் மாவு போல நின்று லீவர் குண்டைத் தேய்க்கும்.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கியர் ஆயிலை மாற்றும்போது அதில் மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால், சின்க்ரோ ரிங் தேய்கிறது என்பது அனுபவமுள்ள மெக்கானிக்கின் முதல் கணிப்பு. பல கியர் பாக்ஸ்களில் அந்த ரிங் பித்தளைதான். லீவர் தொப்பியும் பித்தளை என்றால் அதன் துகளும் அதே ஆயிலில் விழும். ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கின் காந்தம் இரண்டில் எதையும் பிடிக்காது. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லாமல் போகும். ஒரு புஷ்ஷுக்காக, ஆயிலைப் பார்த்து கியர் பாக்ஸின் உடல்நிலையைச் சொல்லும் வசதியைத் தொலைப்பது நல்ல பேரமில்லை.

அதற்காகப் பித்தளையை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. கியர் பாக்ஸுக்கு வெளியே, இணைப்புக் கம்பிகளின் மூட்டுகளில், தனியாக மாற்றக்கூடிய கடினமான ஸ்டீல் பின் இருக்கும் இடத்தில், கிரீஸ் நிப்பிளும் வைத்துக் கொடுத்தால், கன்மெட்டல் புஷ் நன்றாக உழைக்கும். அங்கே தேய்ந்தால் பின்னை மாற்றிக்கொள்ளலாம்.

டெல்ரின் என்பது டூபாண்ட் கம்பெனி 1960-ல் உற்பத்தி தொடங்கிய அசிட்டால் பிளாஸ்டிக்கின் வியாபாரப் பெயர். கடைகளில் பி.ஓ.எம். ராடு என்று கேட்டாலும் கிடைக்கும். வெள்ளையிலும் கறுப்பிலும் வரும். நைலானோடு ஒப்பிட்டால் மலைக்கு இதன் பெரிய பலம் ஈரம். நைலான் தண்ணீர் குடிக்கும்: ஊறிக்கிடந்தால் தன் எடையில் எட்டு, ஒன்பது சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு உப்பும். டெல்ரின் ஒரு சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் நனைந்து கிடக்கும் கேபிள் முனைக்கு நைலான் ராடில் இறுக்கமாகக் கடைந்து போட்டால், ஜூலையில் பின்னைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், மார்ச்சில் தளரும். டெல்ரின் அந்த விளையாட்டுக் காட்டாது. கியர் பாக்ஸுக்குள்ளே எப்போதும் ஆயில் தெறித்துக்கொண்டிருக்கும் தொப்பிக்கு ஈரப் பிரச்சினை அவ்வளவு இல்லை.

சூட்டையும் பார்க்க வேண்டும். மலையேற்றத்தில் லோடோடு ஏறும் கியர் பாக்ஸின் ஆயில் 80, 90 டிகிரியைத் தொடுவது சாதாரணம். டெல்ரின் உருக 165 டிகிரிக்கு மேல் ஆகும். நைலானுக்கு 200-ஐத் தாண்ட வேண்டும். இரண்டும் பத்திரம். பி.வி.சி. பைப் துண்டை வெட்டி புஷ்ஷாகச் செருகும் கைவேலை அங்கங்கே நடக்கிறது. அது 80 டிகிரியிலேயே இளகிவிடும். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு இருக்க வேண்டியது அங்கேயே இருக்கட்டும்.

லேத்துக்காரரிடம் சொல்ல வேண்டிய அளவுகள்: பின் 12 மி.மீ. என்றால் டெல்ரினுக்கு உள்விட்டம் 12.1, நைலானுக்கு 12.2 மி.மீ. ஒட்டி. உலோகத்துக்கு வைக்கும் இறுக்கத்தைப் பிளாஸ்டிக்குக்கு வைத்தால் சூட்டில் பிடித்துவிடும். வெளிவிட்டம், புஷ் உட்காரும் ஓட்டையைவிட 0.05 முதல் 0.1 மி.மீ. வரை பெரிதாக இருக்கட்டும். அமுக்கி உட்கார்த்தினால் சுழலாது. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: வெளியே எவ்வளவு நெருக்குகிறோமோ கிட்டத்தட்ட அவ்வளவும் உள்விட்டம் சுருங்கும். கையில் 12.1 இருந்த புஷ், கண்ணுக்குள் போனதும் 12.0 ஆகி, பின் அதில் நுழையாது. உள்விட்டத்தை அதற்கேற்ப விட்டுக் கடையச் சொல்லுங்கள், அல்லது அமுக்கிய பிறகு ஓட்டையை அளவுக்குச் சீவும் ரீமர் ஓட்டச் சொல்லுங்கள்.

முழு லீவர், ஸ்கிராப் லீவர்

லீவர் குண்டையே நகத்தால் தடவிப் பாருங்கள். படி மாதிரி விளிம்பு தட்டினாலோ, வெர்னியரில் ஒரு பக்கம் அளந்ததற்கும் குறுக்கே அளந்ததற்கும் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, எந்த புஷ் போட்டாலும் பாதி ஆட்டம் மிச்சமிருக்கும். அப்போது லீவரோடு மாற்றுவதே புத்திசாலித்தனம். வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்கலாம். ஆனால் குண்டை உருண்டையாகத் திரும்பக் கொண்டுவர நல்ல கை வேண்டும், இல்லையென்றால் புது புஷ்ஷை அது அரம் போலச் சீவிவிடும்.

ஸ்கிராப் மார்க்கெட்டில் லீவர் வாங்கினால் வளைவைப் பழையதோடு ஒட்டவைத்துப் பாருங்கள். வளைவு கொஞ்சம் மாறினாலும் நான்காவது போடும்போது கை சீட்டில் இடிக்கும். அதோடு வரும் பழைய புஷ்ஷை நம்பவே வேண்டாம்.

கியர் பாக்ஸை இறக்கலாம் என்ற பேச்சு

மேலிருந்து கழற்றும் லீவருக்கு கியர் பாக்ஸை இறக்கத் தேவையே இல்லை. புஷ் வேலை ஒரு மணி நேரம். பாக்ஸ் இறக்கி ஏற்றுவது இரண்டு ஆளுக்கு ஒரு பகல். விதிவிலக்கு ஒன்று உண்டு. கிளச் பிளேட் எப்படியும் இன்னும் சில மாதத்தில் மாற்ற வேண்டியதாக இருந்தால், பாக்ஸ் கீழே வரும் அன்று லீவர், ஷிஃப்ட் ராடின் கண், எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். மலை ஓட்டத்தில் கிளச் சீக்கிரம் போகும் என்பதால் இந்தக் கணக்கு அடிக்கடி ஒத்துவரும்.

எந்த வண்டிக்கு எது

கியர் பாக்ஸின் தலையில் உட்காரும் லீவர், குண்டு நல்ல நிலையில்: கம்பெனி நைலான், கிண்ணமும் தொப்பியும் சேர்த்தே. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதன் தேய்வு புதியதை ஒரு பக்கமாக அழுத்தும். கம்பெனியில் தனியாகக் கிடைக்காவிட்டால் டெல்ரின். பித்தளை இங்கே வேண்டாம்.

கேபிள் முனை, கேபிளின் உட்கம்பி மழமழவென்று ஓடுகிறது: டெல்ரின் புஷ். உட்கம்பி இழுக்கும்போது சொரசொரவென்று சிக்கினால் புஷ்ஷுக்குச் செலவழிக்காமல் கேபிள் செட்டே வாங்குங்கள். உறைக்குள் துரு ஏறிய கேபிளை எந்த கிரீஸும் காப்பாற்றாது.

நடுவழியில் கழன்றுவிட்டது, மண்டிக்கு விடியற்காலைக்குள் போயாக வேண்டும்: கேபிள் கண்ணைப் பின்னில் மாட்டி இருபுறமும் வாஷர் வைத்து கட்டுக்கம்பியால் முறுக்கி, பக்கத்துப் பட்டறைக்கு ஊர்ந்து போகலாம். லோடோடு மலை இறங்குவதற்கு அது போதாது. லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிடும் செலவு வலிக்கத்தான் செய்யும், மாற்றுங்கள்.

மாற்றும் முறை: மேலே உட்காரும் லீவர்

இந்த ஊரில் முதல் வேலை கட்டை வைப்பது. லீவரைக் கழற்ற நியூட்ரலுக்கு வர வேண்டும். கழற்றிய பிறகு வண்டியைக் கியரில் போட்டு நிறுத்த முடியாது. சரிவில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி உங்களை உள்ளே வைத்துக்கொண்டே கிளம்பும். சமமான இடம், இரண்டு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை.

லீவர் தலையைத் திருகிக் கழற்றி, வெளி பூட்டை எடுங்கள். உள் பூட்டைத் தொடுவதற்கு முன் சுற்றிலும் பிரஷ் போட்டு, ஈரத் துணியால் துடையுங்கள். செம்மண் தூள் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் நேராக ஆயிலுக்குத்தான் போகும். லீவர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் உட்காரும், ஆனால் கியர் இடிக்கும்.

லீவரைப் பிடித்து வைத்திருப்பது மூன்றில் ஒன்று. அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் வெளியே வரும் மூடி, மூன்று நான்கு போல்ட் போட்ட தட்டு, அல்லது பள்ளத்தில் மாட்டும் வளைய கிளிப் (சர்க்ளிப்). மூடி வகையில் அடியில் ஸ்பிரிங் இருக்கும், கையை எடுத்தால் பறந்துவிடும். வெளியே வரும் சாமான்களை வந்த வரிசையிலேயே ஒரு துணியில் வையுங்கள். போனில் ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள். லீவரை மேலே இழுத்ததும் ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடுங்கள்.

கீழ்முனைத் தொப்பி முழுசாக வந்ததா என்று இப்போது பாருங்கள். பாதிதான் வந்தது, அல்லது எதுவுமே வரவில்லை என்றால் மீதி உள்ளே கிடக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்து, நீளமான இடுக்கியாலோ நுனியில் கெட்டி கிரீஸ் ஒட்டிய கம்பியாலோ எடுக்க வேண்டும். காந்தம் இங்கே உதவாது. கண்ணுக்கே படவில்லையென்றால் ஆயிலைச் சூடாக இருக்கும்போது வடித்து, மெல்லிய துணியில் வடிகட்டித் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பாருங்கள். புதிய ஆயில் ஊற்றும்போது மேனுவல் சொல்லும் கிரேடையே ஊற்றுங்கள். ஜி.எல்-4 கேட்கும் பாக்ஸில் ஜி.எல்-5 ஊற்றினால், அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். 80டபிள்யூ-90-க்குப் பதில் 75டபிள்யூ-90 அனுமதிக்கப்பட்டிருந்தால் ஊட்டிக் குளிரில் காலைக் கியர் இளகி விழும்.

புதிய புஷ்ஷை நேராகச் சுத்தியலால் தட்டாதீர்கள். குளிரில் நைலான் முறியும். மயிரிழை போல் விரிசல் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து இரண்டாகப் பிளக்கும். ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, ஈரத்தைத் துடைத்து, கட்டைவிரலால் அமுக்கினால் "டப்" என்று உட்காரும். குண்டின் மேல் லித்தியம் கிரீஸ் மெல்லிய பூச்சாக. அள்ளி அப்பினால் அது தூசியைத்தான் சேர்த்துவைக்கும். ரப்பர் பூட்டின் உள்விளிம்புக்கு சிலிக்கான் கிரீஸ் நல்லது. சாதாரண கிரீஸில் சில ரப்பர் உப்பிப்போகும்.

தட்டு போல்ட்டுகள் அலுமினிய உடலில் ஏறுபவை. 10 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும் போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. ஸ்பேனர் போல்ட்டுக்கு 18 முதல் 20 போதும். மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே முடிவு. நீள ஸ்பேனரில் முழு பலம் கொடுத்தால் மரை உரிந்துகொண்டு வரும். தட்டுக்கு அடியில் மெல்லிய கோடாக சீலன்ட் போடுங்கள். உள் பூட் கிழிந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். கிழிந்த பூட்டோடு புது புஷ் போடுவது ஓட்டைக் குடையைப் பிடித்துக்கொண்டு புதுச் சட்டை போடுவது மாதிரி.

என்ஜின் ஓடாமல் எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள், ரிவர்ஸ் உட்பட. பிறகு என்ஜின் ஓட்டி, கிளச்சை மிதித்து மறுபடி. பிறகு சமதளத்தில் காலி வண்டியாக ஒரு சுற்று. எல்லாம் சரியென்றால்தான் லோடு, இறக்கம்.

கேபிள் முனைக்கு

கண்ணைப் பின்னிலிருந்து நெம்பும்போது ஸ்க்ரூ டிரைவரின் முனையை கேபிள் கம்பியின் மேல் ஊன்றாதீர்கள். மடிந்த கம்பி பிறகு எப்போதும் சிக்கும். பழைய புஷ்ஷைக் கத்தியால் கீறி எடுத்து, கண்ணின் உட்சுவரைத் துடைத்து, புதியதை அதன் அளவுள்ள ஒரு ஸாக்கெட்டை வைத்து பிளேயரால் நிதானமாக அமுக்குங்கள். பின் தேய்ந்து கழுத்துப் பள்ளம் மழுங்கியிருந்தால் எந்த புஷ்ஷும் பிடித்து நிற்காது. புதிய புஷ் போட்டதும் கேபிளின் நீளம் சிறிது மாறியதாகவே ஆகும். அட்ஜஸ்டரைத் தளர்த்தி, பாக்ஸ் பக்க நெம்புகோலையும் லீவரையும் நியூட்ரலில் வைத்து மறுபடி பூட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒன்றாவதும் மூன்றாவதும் நன்றாக விழும். இரண்டாவதும் நான்காவதும் பாதியில் நிற்கும், அல்லது நேர்மாறாக. புஷ் சரியில்லை என்று மறுபடி கடைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான்.

500 கிலோமீட்டர் ஓடியதும் பூட்டைத் தூக்கி போல்ட் தளர்ந்திருக்கிறதா, தட்டோரம் ஆயில் கசிகிறதா பாருங்கள். கழற்றிய பழைய புஷ்ஷைத் துடைத்து, சேசிஸ் நம்பர் எழுதிய காகிதத்தோடு ஒரு பாலிதீன் உறையில் போட்டு டேஷ்போர்டில் வையுங்கள். உள்விட்டம் தேய்ந்திருந்தாலும் உயரமும் விளிம்பும் வெளிவிட்டமும் அதில் அப்படியே இருக்கும். அடுத்த முறை லேத்துக்கு அந்த மூன்றும் போதும், உள்விட்டத்தை லீவரிலேயே அளந்துகொள்ளலாம்.